பழைய புல்லட்டில் கிளட்ச் வழுக்குகிறதா? பிளேட் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால்

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது, நான் புரிந்துகொண்டது இதுதான். 1989 மாடல் புல்லட் 350, அப்பா ஓட்டிய வண்டி, வலது பக்கம் கியர், பழைய பாயிண்ட் செட் இக்னிஷன். ஊருக்குள் ஓட்டும்போது குறை தெரியவில்லை. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு கிளட்ச் அசெம்பிளியை மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கடைசியில் மாற்ற வேண்டியே வரலாம், அது வேறு. ஆனால் கிளட்ச் வழுக்குவதற்கு பிளேட் தேய்வது ஒரு காரணம்தான். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் வழுக்கும், எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினை மூடியிருக்கும் இடது பக்கப் பெட்டியில், அதாவது செயின்கேஸில், ஆயில் ஏறிப்போனாலும் வழுக்கும். அந்த இரண்டையும் பார்க்காமல் புது பிளேட் போட்டால் அதுவும் சில மாதத்தில் கருகும். இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன், அந்தக் கதை பிறகு வருகிறது.

முதலில் வழுக்குவது கிளட்ச்தானா என்று உறுதி செய்யுங்கள். மலையில் இழுக்கவில்லை என்றால் உடனே கிளட்ச் மேல் பழி போட்டுவிடுகிறோம். எஞ்சினில் கம்ப்ரஷன் போயிருந்தாலும் மலையில் இழுக்காது, பின் பிரேக் உரசிக்கொண்டிருந்தாலும் இழுக்காது. ஆனால் அந்த இரண்டிலும் எஞ்சின் திணறும், சத்தம் அடங்கும். கிளட்ச் வழுக்கும்போது இதற்கு நேர்மாறு: ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், ஸ்பீடோமீட்டர் முள் அங்கேயே நிற்கும். உங்கள் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, ஆனால் புல்லட் ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு, அந்த 'தட தட'வின் இடைவெளியே கணக்குச் சொல்லிவிடும். சமமான காலி ரோட்டில் டாப் கியரில் 40-ல் போய்க்கொண்டிருக்கும்போது முழுசாக ஒரு திருகு திருகுங்கள். அந்த 'தட தட' நெருங்கி வந்தும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச்தான். ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்து பார்த்து மிச்சமிருக்கும் பிளேட்டையும் கருக்கிவிடாதீர்கள். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து கிளட்சை விட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதை வேண்டவே வேண்டாம் என்பேன்.

புல்லட்டில் இதைவிட நல்ல பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு ரோட்டுக்கே போக வேண்டாம். இந்த வண்டியில் கிக்கரின் உதை கியர்பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாக, பிரைமரி செயின் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் கிளட்ச் பிடிக்கவில்லை என்றால் கிக்கரும் ஏமாற்றும். சாவியை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரலில் வைத்து, டீகம்ப்ரசரை (கம்ப்ரஷனை விடுவிக்கும் சின்ன லீவர்) தொடாமல், கிக்கரை மெதுவாக அழுத்தி கம்ப்ரஷன் முட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது உடம்பு எடையை அதன் மேல் போட்டு நில்லுங்கள். நல்ல வண்டியில் கிக்கர் உங்களைச் சற்று நேரம் தாங்கும், அப்புறம் ரிங் வழியாகக் காற்று கசியக் கசிய மெல்ல இறங்கும். கிளட்ச் வழுக்கும் வண்டியில் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல முட்டே இல்லாமல் போய்விடும். சந்தேகமாக இருந்தால் இடது பக்கம் செயின்கேஸ் மூடியில் செயின் பார்க்கும் திருகுமூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொருவரை கிக்கரை அழுத்தச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். கிக்கர் இறங்குகிறது, உள்ளே செயின் அசையவில்லை என்றால் வழுக்குவது கிளட்ச். கிக்கர் ராட்செட் பல் தேய்ந்திருந்தாலும் கால் இப்படி இறங்கும், ஆனால் அது 'டர்ர்க்' என்று சத்தம் போட்டு காலை உதறும், கிளட்ச் சத்தமே இல்லாமல் வழுக்கும்.

சரி, கிளட்ச்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்தது கேபிள்.

இங்கேதான் நிறைய பேருக்குக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பிரேக் தேய்ந்தால் லீவரில் ப்ளே, அதாவது தளர்வு, கூடும், அதனால் கிளட்ச் தேய்ந்தாலும் கூடும் என்று நினைக்கிறோம். கூடாது, குறையும். வலது பக்கத்திலிருந்து ஒரு கம்பி கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டின் துளை வழியாக வந்து இடது பக்கம் இருக்கிற, பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை வெளியே தள்ளுவதால்தான் கிளட்ச் விலகுகிறது. பிளேட்டுகள் தேயத் தேய அந்த அடுக்கு மெலிந்து, பிரஷர் பிளேட் உள்பக்கமாக, கம்பியை நோக்கி நகர்ந்து வருகிறது. நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிச் சுருங்கி ஒருநாள் இல்லாமலே போய்விடும். அதற்குப் பிறகு நீங்கள் லீவரைத் தொடாமலே கம்பி எந்நேரமும் பிளேட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும், அதாவது அரை கிளட்ச் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றுகிற மாதிரி. ஊருக்குள் தெரியாது. மலையில் பாரம் ஏறும்போது தெரியும். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

லீவருக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில், கேபிள் பக்கம், 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பி, இரண்டிலும் அந்தத் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் இறுகினால் கேபிள் போகிற பாதை சரியில்லை, எங்கோ டேங்குக்கு அடியில் சிக்கியிருக்கும். லீவரை விட்டதும் 'டக்'கென்று திரும்பாமல் சோம்பலாக வந்தால் கேபிள் உள்ளே காய்ந்துவிட்டது. மேல்முனையைக் கழற்றி, ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழ்முனையில் ஆயில் வரும்வரை காத்திருங்கள், ஓர் இரவு தொங்கவிட்டால் இன்னும் நல்லது. இழை பிரிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

தளர்வு இல்லை என்றால் கேபிள் அட்ஜஸ்டரை மட்டும் திருகிவிட்டு எழுந்துவிடாதீர்கள், அது பாதி வேலை. மீதி வலது பக்கம், கியர்பாக்ஸ் வெளிமூடியில் இருக்கிறது. அங்கே சின்னதாக ஒரு மூடி, அதைக் கழற்றினால் லாக் நட்டோடு ஒரு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ. முதலில் கேபிளை முழுசாகத் தளர்த்துங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை கம்பியைத் தொடும்வரை உள்ளே கொண்டுபோங்கள், தொட்டது கையில் தெரியும், அதற்கு மேல் அழுத்த வேண்டாம். அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் வாருங்கள். ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். கடைசியாக கேபிள் அட்ஜஸ்டரில் அந்த 2-3 மில்லி தளர்வை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் கால் மணி நேர வேலை. இதோடு சரியாகிவிட்ட வண்டிகள் நிறைய.

ரொம்ப நாள் தளர்வு இல்லாமலே ஓடியிருந்தால் அந்தக் கம்பியின் முனை சூடேறி நீலம் பாரித்து, காளான் மாதிரி விரிந்திருக்கும். அட்ஜஸ்ட் செய்த சில நாளிலேயே மறுபடி தளர்வு மாறிக்கொண்டே இருந்தால் கம்பியை உருவிப் பார்த்துவிடுங்கள். முனையை கிரைண்டரில் தேய்த்துத் திரும்பப் போடுவார்கள் சிலர். வெப்பத்தில் கடினம் போன முனை மறுபடி நசுங்கத்தான் செய்யும், புதுசு போடுவது மேல்.

கேபிள் சரியாக இருந்தும் வழுக்கினால் செயின்கேஸ் ஆயிலுக்கு வாருங்கள். இன்றைய நிறைய வண்டிகளில் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். உங்கள் வண்டியில் மூன்றும் தனித்தனி வீடு. பிரைமரி செயின்கேஸுக்கு சுமார் 420 மில்லி பிடிக்கும், ஆனால் அளவைவிட, ஆயில் மட்டம் பார்க்கும் லெவல் ஸ்க்ரூவை நம்புங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி லெவல் ஸ்க்ரூவைக் கழற்றினால் ஒன்றிரண்டு சொட்டு வழிந்து நிற்க வேண்டும். குழாய் திறந்த மாதிரி கொட்டினால் ஆயில் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. அந்த ஆயில் கீழ்ப்பகுதி செயினை நனைக்கத்தான், கிளட்சை முழுக்காட்டுவதற்கு இல்லை. மட்டம் ஏறினால் பிளேட்டுகள் நடுவில் ஆயில் நின்றுகொண்டு வழுக்கும்.

எங்கிருந்து வருகிறது? பொதுவாக எஞ்சினிலிருந்து. கிராங்க் ஷாஃப்ட்டின் இடது பக்க ஆயில் சீல் கெட்டிருக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் ஆயில் டேங்கிலிருந்து பம்ப் வழியாக ஆயில் மெல்லக் கிராங்க்கேஸில் இறங்கித் தேங்கும், சீல் சரியில்லை என்றால் அங்கிருந்து செயின்கேஸுக்குத் தாண்டும். டிப்ஸ்டிக்கில் எஞ்சின் ஆயில் குறைகிறது, புகையும் வரவில்லை, தரையிலும் சொட்டவில்லை என்றால் அது பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது என்று அர்த்தம். சீலை மாற்றக் கிளம்புவதற்கு முன், கிராங்க்கேஸ் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். இரண்டாவது வழி கியர்பாக்ஸ், மெயின் ஷாஃப்ட் பக்கமாக. இரண்டில் எது என்று மூக்கே சொல்லும்: 90 நம்பர் கியர் ஆயிலுக்கு அழுகிய முட்டை மாதிரி ஒரு கந்தக நாற்றம் உண்டு, எஞ்சின் ஆயில் கறுப்பாக, கருகல் வாசனையோடு இருக்கும்.

என் கதை இங்கேதான் வருகிறது. என் முதல் புல்லட்டில் இதே பிரச்சினை. ஒரு பட்டறையில் பிளேட் செட் மாற்றினார்கள், நான்கைந்து மாதம் நன்றாக ஓடியது, மறுபடி வழுக்கியது. பிளேட் மட்டம் என்று பிளேட்டைத் திட்டிக்கொண்டே இன்னொரு செட் போட்டேன். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை வேறொரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்பானரைக்கூடத் தொடாமல், "லெவல் ஸ்க்ரூவை எப்பப்பா கடைசியா திறந்தே?" என்று கேட்டார். நான் அப்படி ஒரு ஸ்க்ரூ இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன். திறந்ததும் அரை டம்ளருக்கு மேல் கறுப்பு ஆயில் அவர் கால்மேல் கொட்டியது. ஒரு சீல். அதற்கு நான் இரண்டு செட் பிளேட் வாங்கியிருந்தேன்.

என்ன ஆயில் ஊற்றுவது என்பதில் ஆளுக்கொரு வேதம். நான் எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ50-யையே செயின்கேஸுக்கும் ஊற்றுகிறேன். ஆட்டோமேடிக் கார் கியர்பாக்ஸுக்குப் போடும் ஏ.டி.எஃப். ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு, அதிலும் கிளட்ச் நன்றாகவே பிடிக்கிறது. கார் எஞ்சின் ஆயிலை மட்டும் விட்டுவிடுங்கள், அதிலும் டப்பாவின் பின்பக்கம் எரிபொருள் சேமிப்பு முத்திரை போட்டதை. அவற்றில் உராய்வைக் குறைக்கும் கலவை சேர்த்திருப்பார்கள், எஞ்சினுக்கு நல்லது, உராய்வையே நம்பி வாழும் கிளட்சுக்கு விஷம். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் குளியலில் வேலை செய்யும் பைக் கிளட்சுகளுக்காகவே ஜப்பானியர்கள் வைத்த தரக் குறியீடு அது. 'எம்.பி.' என்று இருந்தால் அது ஸ்கூட்டர் மாதிரி வண்டிகளுக்கு.

இவ்வளவும் பார்த்தும் வழுக்குகிறதா, இப்போது திறக்கலாம். அசெம்பிளியை மொத்தமாக இறக்க வேண்டியதில்லை, பிளேட்டை மட்டும் உருவலாம், பிளேட்டுகள் உட்கார்ந்திருக்கும் டிரம் அங்கேயே இருக்கட்டும். இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் இரண்டையும் கழற்ற வேண்டும். செயின்கேஸ் மூடியை ஒரே ஒரு நடு நட்டுதான் பிடித்திருக்கிறது. 1949-ல் இங்கிலாந்தின் ரெடிச்சில் இந்த வடிவில் வந்த புல்லட், 1955-லிருந்து சென்னையில் உருவாகி, உங்கள் 1989 வண்டிவரை அடிப்படை மாறாமல் வந்திருக்கிறது என்பதற்கு இப்படிப்பட்ட எளிமையும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொள்வேன். நட்டைத் தளர்த்துவதற்கு முன்னால் கீழே அகலமான தட்டு வையுங்கள், மூடி விலகியதும் ஆயில் மொத்தமாக வரும். வீட்டு வாசலில் செய்தால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், சுற்றுச் சுற்றாக மாறி மாறித் தளர்த்துங்கள். பிளேட்டுகளை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து, பழைய பேப்பரில் வரிசையாக, எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று குறித்து வையுங்கள்.

இனி பார்க்க வேண்டியது. உராய்வுப் பிளேட்டில் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது மெருகேறிவிட்டது. லேசான மெருகு என்றால் சமமான கண்ணாடியின் மேல் எமரி தாளை விரித்து வட்டமாகத் தேய்த்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். முகர்ந்து பாருங்கள், கருகல் வாடை இருந்தாலோ லைனிங் விரிசல் விட்டிருந்தாலோ, தேய்த்துப் பயனில்லை, புது செட்தான். ஆயிலில் ஊறியது மட்டும்தான் பிரச்சினை என்றால் வெட்டவெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல், பெட்ரோலில் கழுவிக் காயவையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும்.

இரும்புப் பிளேட்டுகளைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. அதே கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்து ஓரத்தை விரலால் தட்டுங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. நீலமாகவோ காபி நிறத்திலோ திட்டுத் திட்டாக இருந்தால் அதிகச் சூடு பார்த்திருக்கிறது. வளைந்த இரும்புப் பிளேட்டுக்கு நடுவில் புது லைனிங் பிளேட் போட்டால் மேடான இடத்தில் மட்டும் பிடிக்கும், மறுபடி வழுக்கும். டிரம்மின் காடிகளையும் விரலால் தடவிப் பாருங்கள், பிளேட்டின் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தில் காது மாட்டினால் பிளேட் சுலபமாக நகராது, கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும் அல்லது சரியாக விலகாது. சின்னப் பள்ளம் என்றால் அரம் போட்டுச் சமப்படுத்தலாம், ஆழமாக இருந்தால் மட்டும் உங்கள் மெக்கானிக் சொன்ன அசெம்பிளி கணக்குக்கு வருகிறது.

ஸ்பிரிங்கைப் புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் செட்டாக மாற்றுங்கள், ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் பிரஷர் பிளேட் கோணலாகத் தூக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைக்கும் வித்தையை யாராவது சொல்வார்கள். நடுவழியில் வீடு வந்துசேர அது உதவும், நானும் செய்திருக்கிறேன். நிரந்தரமாக வேண்டாம். லீவர் கல்லாகிவிடும், கேபிள் அடிக்கடி அறும், வாஷர் கூடிப்போனால் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி கிளட்ச் விலகவே விலகாது.

பிளேட் வாங்கும்போது பழைய ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. 350-க்கும் 500-க்கும், பழைய நாலு கியருக்கும் பிறகு வந்த அஞ்சு கியருக்கும் சாமான் கலந்துபோகும், கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றாலும் மேலே மேலே வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். காதுகள் காடியில் தாராளமாக, ஆனால் லொடலொட இல்லாமல் நகர வேண்டும்.

பூட்டும்போது புது பிளேட்டின் இரு பக்கமும் ஆயிலை விரலால் லேசாகத் தடவிப் போடுங்கள், எடுத்த வரிசையிலேயே. மூடுவதற்கு முன், கிளட்ச் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் பிரஷர் பிளேட் சுழல்வது தெரியும். அது தட்டாமாலை ஆடாமல் சமமாகச் சுற்ற வேண்டும், ஆடினால் ஒரு ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை. திறந்தது திறந்தீர்கள், பிரைமரி செயின் தொய்வையும் பார்த்துவிடுங்கள், மேலும் கீழுமாக 6 மில்லி அசைவு இருக்கலாம். மூடியின் ரப்பர் சீலை, காசு பார்க்காமல், புதிதாகப் போடுங்கள். ஒழுகுகிறதே என்று நடு நட்டை வெறிகொண்டு இறுக்கினால் மூடி வளைந்து இன்னும் அதிகமாக ஒழுகும்.

வேலை கிராங்க் சீல் வரை போனால் உங்கள் கையால் செய்ய வேண்டாம். அதற்கு கிளட்ச் டிரம், எஞ்சின் ஸ்ப்ராக்கெட், ஆல்டர்னேட்டர் எல்லாம் இறங்க வேண்டும், அவற்றை இழுத்துக் கழற்றும் கிளட்ச் புல்லர் வேண்டும். புல்லர் இல்லாமல் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்புகிற பட்டறையாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புது பிளேட் போட்டிருந்தால் முதல் 200, 300 கிலோமீட்டருக்குள் லைனிங் படிந்து கேபிள் தளர்வு குறையும். அப்போது ஒருமுறை மறுபடி அட்ஜஸ்ட் செய்துவிட்டு, லெவல் ஸ்க்ரூவையும் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் கொல்லிமலைக்குப் போங்கள். 70 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு அரை கிளட்சில் ஏற்றாமல் ஒரு கியர் முன்னாலேயே குறைத்துக்கொள்ளுங்கள். லீவர் மேல் இரண்டு விரலை ஓய்வாக வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் அதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். முதலில் லெவல் ஸ்க்ரூவைத் திறந்து எவ்வளவு கொட்டியது, என்ன வாடை என்று எழுதுங்கள்.